அதிருப்திச் சான்றிதழ்

பொறியியல் கலந்தாய்வு என்று பெயர் வைத்தவர் யாரோ, அவரை ஒரு தடவை நேரில் பார்க்க எனக்கு ஆசை. கலந்து பேசுவதற்கு அங்கே ஓர் ஆள் கிடையாது. ஓர் இணையதளம் இருக்கிறது, அது சுற்றிக்கொண்டே இருக்கும். ஓர் உதவி மையம் இருக்கிறது, அங்கே போய் உதவி கேட்டால் 'ஆலோசனை வழங்க எங்களுக்கு அதிகாரம் இல்லை' என்று எழுதிய பலகையைக் காட்டுவார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை, மாநிலத்திலுள்ள அத்தனை கல்லூரிகளையும் அவற்றிலுள்ள அத்தனை பிரிவுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, எது முதலில் வேண்டும், எது இரண்டாவது வேண்டும் என்று வரிசையாக அடுக்கித் தர வேண்டும். கம்ப்யூட்டர் அந்த வரிசையை மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வரும். முதலில் எது காலியாக அகப்படுகிறதோ அதைக் கொடுத்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விடும். சமாச்சாரம் அவ்வளவுதான். இதை எங்கள் மல்லசமுத்திரம் சின்னண்ணனிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் நம்பியிருக்க மாட்டார்.

சின்னண்ணன் பழைய லாரிகளை வாங்கி விற்பவர். திருச்செங்கோடு ரோட்டில் அவருடைய யார்டு இருக்கிறது. அந்தத் தொழிலில் முப்பது வருஷமாக அவர் தின்று செரித்த பாடம் ஒன்றுதான். எந்தப் பொருள் வேண்டுமோ அதன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது. மூலையில் நிற்கிற பத்துச் சக்கர வண்டி அவருக்கு வேண்டும் என்றால், வாசலில் நிற்கிற ஓட்டை வண்டியின் டயரை உதைப்பார். கேபினில் ஏறி உட்காருவார். "நல்ல வண்டியுங்க" என்பார். விற்கிறவன் அந்த ஓட்டை வண்டிக்கு விலையை ஏற்றிக்கொண்டே போவான். கடைசியில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, "அந்த மூலைல ஏதோ ஒண்ணு நிக்குதே, அதையும் குடுக்கற மாதிரியா?" என்று போகிற போக்கில் கேட்பார். பெண் பார்க்கப் போன இடத்திலும் அவர் மாமனாரின் எருமையைப் பற்றியே ஒரு மணி நேரம் விசாரித்தாராம். வந்தவர் மாட்டு வியாபாரி என்று நினைத்து அவர்கள் எருமையை அவிழ்த்துக்கொண்டு வந்து காட்டினார்களாம். அந்தக் கல்யாணத்தில் மணப்பெண்ணாக உட்கார்ந்த சௌந்திரம் இன்றைக்கும் அதைச் சொல்லித் திட்டுகிறார்.

இந்தத் தம்பதிக்கு ஒரே மகள், சத்யபிரியா. யார்டில் வளர்ந்த பெண். மற்ற பிள்ளைகள் பொம்மையைப் பிரித்துப் பார்க்கிற வயசில் இது டைனமோவைப் பிரித்தது. கட்-ஆஃப் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. கோயம்புத்தூர் அரசுக் கல்லூரியில் மெக்கானிக்கல் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. "இந்த மார்க்குக்கு மெக்கானிக்கலா?" என்று உறவுக்காரர்கள் கேட்டால் சின்னண்ணன் முகத்தைச் சுளித்து, "அவ ஏதோ சொல்லீட்டுக் கெடக்கறாளுங்க, நமக்கு அதுல ஒண்ணும் இஷ்டமில்லீங்க" என்பார். உள்ளுக்குள் மகளைவிட அவருக்குத்தான் அந்த ஆசை அதிகம். அதிகமாக இருந்ததால்தான் அப்படிச் சொன்னார். வெளியே தெரிந்தால் கை நழுவிப் போய்விடும் என்று அவருக்கு ஒரு பயம்.

விருப்பப் பட்டியல் தர வேண்டிய வாரத்தில் சத்யபிரியாவுக்கு அம்மை போட்டுவிட்டது. வாசலில் வேப்பிலை செருகியாயிற்று. வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது என்று சௌந்திரம் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். ஓடிபி வருகிற நம்பரும் அப்பாவுடையதுதான். வேறு வழியில்லாமல் அந்தப் பெண் படுத்தபடியே ஆறு கல்லூரிகளை ஒரு தாளில் எழுதி, அப்பாவைக் கூப்பிட்டு, இதே வரிசையில் போட வேண்டும், ஒன்றையும் மாற்றக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தாள். முதல் வரியில் கோயம்புத்தூர் மெக்கானிக்கல் இருந்தது. சின்னண்ணன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திருச்செங்கோட்டிலிருந்த உதவி மையத்துக்குப் போனார்.

அங்கே ஒருங்கிணைப்பாளர் குமரகுரு மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து காரில் வந்து போகிறவர், இஸ்திரி கலையாத மனிதர். "பெற்றோர்களே, விருப்பம் உங்களுடையது, பொறுப்பும் உங்களுடையது. இரண்டிலும் தலையிடாமல் இருப்பதற்காகத்தான் அரசு எங்களை இங்கே நியமித்திருக்கிறது. எத்தனை விருப்பங்கள் வேண்டுமானாலும் தரலாம். தயவுசெய்து நிறையத் தாருங்கள். சென்ற ஆண்டு நமது மையத்தில் ஒரு மாணவர் நானூறு விருப்பங்கள் தந்து சாதனை படைத்தார். அவருக்கு என்ன கிடைத்தது என்ற விவரம் நமது மையத்தின் வரம்புக்குள் வராது" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். சின்னண்ணனும் தட்டினார்.

கூட்டம் கலைந்ததும் அவர் மெதுவாகப் பக்கத்தில் போய், "ஏனுங்க சார், மொத நெம்பர்ல எதப் போடறமோ அதயே குடுத்துருவீங்களா?" என்று கேட்டார். குமரகுரு பலகையைக் காட்டினார். சின்னண்ணனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விலை கேட்டால் வாயைத் திறக்காத ஆளிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது அவருக்குப் புதிதா என்ன? எந்த மடையனாவது தனக்கு வேண்டியதை முதல் வரியில் எழுதி, சர்க்கார் கையில் கொடுப்பானா? பாவம், படித்த பிள்ளை, உலகம் தெரியவில்லை.

தட்டச்சு செய்கிற வெண்ணிலா என்ற பெண்ணிடம் உட்கார்ந்து, ஊரில் எந்தக் கல்லூரி ஆள் சேராமல் ஈ ஓட்டுகிறதோ அதையெல்லாம் தேடிப் பிடித்து மேலே அடுக்கச் சொன்னார். தலைமாட்டில் நாமக்கல் ரோட்டிலுள்ள வெற்றிக்கனி பொறியியல் கல்லூரி. பிரிவு, செயற்கை நுண்ணறிவு மற்றும் கோழிப்பண்ணை மேலாண்மை. மகள் எழுதிக் கொடுத்த ஆறும் அடியில் போயின. ஆறிலும் கடைசியாக, ஏதோ கை தவறி விழுந்தது போல, கோயம்புத்தூர் மெக்கானிக்கல். வெண்ணிலா இரண்டு தடவை அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு பலகையைப் பார்த்தாள், தட்டச்சு செய்தாள். கம்ப்யூட்டர் 'உறுதியா?' என்று கேட்டது. ஆம் என்றார். மறுபடி கேட்டது. மூன்றாவது தடவையும் கேட்டது. எதிராளி இறங்கி வர ஆரம்பித்துவிட்டான் என்று சின்னண்ணன் மனசுக்குள் சிரித்துக்கொண்டே ஓடிபி சொன்னார். வீட்டில் ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. பேரம் முடிகிற வரை பெண்டாட்டி பிள்ளையிடம்கூடச் சொல்லக் கூடாது என்பது அவர் வழக்கம்.

சத்யபிரியாவுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்றைக்கு எஸ்எம்எஸ் வந்தது. 'வாழ்த்துகள். தங்கள் முதல் விருப்பம் முழுமையாக நிறைவேற்றப்பட்டது.' கீழே வெற்றிக்கனி, கோழிப்பண்ணை. சின்னண்ணன் அதை நான்கு தடவை படித்தார். கேட்டதை அப்படியே எடுத்து நீட்டிவிட்ட வியாபாரியை அவர் ஆயுசில் பார்த்ததில்லை. அடுத்து எதிர்த்தரப்பு ஒரு விலை சொல்லும், இவர் முகம் சுளிப்பார், அப்படியே படிப்படியாக மூலையில் நிற்கிற வண்டிக்கு வந்து சேரலாம் என்று காத்திருந்த மனிதருக்கு அடுத்து என்ன சொல்லிப் பேரம் பேசுவது என்று விளங்கவில்லை.

மகள் கத்தவில்லை, அழவில்லை. ஈரத் தலையோடு வந்து நின்று ஒன்றுதான் கேட்டாள்.

"நான் மெக்கானிக்கல் போறது உங்களுக்குப் புடிக்கலைன்னா நேரா சொல்லியிருக்கலாமில்லைங்கப்பா?"

"அய்யோ சாமி, எனக்குத்தான் கண்ணு அது ரொம்பப் புடிக்கும்."

"நீங்க எப்பங்கப்பா புடிச்சதப் புடிச்சதுன்னு சொல்லியிருக்கீங்க? இத மட்டும் நான் எப்படி நம்பறது?"

ஊரெல்லாம் 'நமக்கு இஷ்டமில்லீங்க' என்று சொல்லித் திரிந்தது அந்தப் பெண்ணின் காதிலும் விழுந்துதானே இருக்கும்? பக்கத்துக் கல்லூரியில் போட்டு, கோழிப்பண்ணை வைத்திருக்கிற மாப்பிள்ளைக்குக் கட்டிவைக்கத் திட்டம் போட்டுவிட்டார் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அன்றிலிருந்து அப்பாவோடு பேச்சை நிறுத்தினாள். சௌந்திரம் மட்டும் இருவருக்கும் சேர்த்துப் பேசினார், எருமையில் ஆரம்பித்து.

மறுநாள் சின்னண்ணன் மையத்துக்கு ஓடினார். குமரகுரு எழுந்து நின்று கைகொடுத்து, ஒரு மரக்கன்றும் துணிப்பையும் தந்து போட்டோ எடுத்துக்கொண்டார். முதல் விருப்பம் கிடைத்தவர்கள் மையத்தில் குறைவு, அதிலும் இவ்வளவு மார்க் உள்ளவர்கள் இல்லவே இல்லை என்று பூரித்தார். சின்னண்ணன் நடந்ததைச் சொன்னார். குமரகுரு பொறுமையாகக் கேட்டுவிட்டுத் திரையில் பொத்தான்களைக் காட்டினார். ஏற்கிறேன் என்று ஒன்று. ஏற்றுக்கொண்டு மேலே நகரப் பார்க்கிறேன் என்று ஒன்று. மறுத்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போகிறேன் என்று ஒன்று. மறுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறேன் என்று ஒன்று. இவர் மகளுக்கு நடுவிலுள்ள இரண்டும் அமுங்கவில்லை. முதல் இடத்திலிருப்பவர் மேலே நகர இடமில்லை, அடுத்த சுற்று திருப்தியடையாதவர்களுக்கு மட்டும்.

"அந்தக் கோயம்புத்தூர் சீட்டு போயிருச்சுங்களா?"

"இல்லை. மெக்கானிக்கலுக்கு இப்போது யார் போகிறார்கள், காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் மகள் திருப்தியடைந்துவிட்டார். திருப்தியடைந்தவர்களை மறுபடியும் திருப்திப்படுத்த விதியில் இடமில்லை."

சீட்டு காலி, பிள்ளை தயார், மார்க் இருக்கிறது. ஆனாலும் கிடையாது. சின்னண்ணன் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். இரக்கப்பட்ட குமரகுரு கடைசியில் ஒரு வழி சொன்னார். மாணவி திருப்தியடையவில்லை என்று கிராம நிர்வாக அலுவலரிடம் அதிருப்திச் சான்றிதழ் வாங்கி வந்தால், விசாரணைக் குழு கூடிப் பரிசீலிக்கும். இந்தச் சுற்றின் சேர்க்கைக்குக் கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குள் அது முடிய வேண்டும். முடியாவிட்டால் கோழிப்பண்ணையில் சேரலாம், அல்லது வீட்டுக்குப் போகலாம்.

இதற்குள் வெற்றிக்கனி கல்லூரியின் தலைவர் ஜீவானந்தம் விழித்துக்கொண்டார். முட்டை ஏற்றுமதியில் சம்பாதித்துக் கல்விக்கு வந்தவர். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு வாங்கிய பெண் தன் கல்லூரியை முதல் விருப்பமாக எழுதியது அவருக்கே நம்ப முடியாத செய்தி. மல்லசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் இருபதடி பிளெக்ஸ் எழுந்தது. 'எத்தனையோ கல்லூரிகள் இருந்தும் எங்களையே முதலில் தேடி வந்த தங்கமகளே' என்று சத்யபிரியாவின் பள்ளிக்கூடப் போட்டோ சிரித்தது. ஓர் அட்டை முட்டையோடு அவரே வீட்டுக்கு வந்து நடுக்கூடத்தில் நின்று உரையாற்றினார். "என்ற காலேஜ்ல நாங்க புள்ளைகளத் தரம் பிரிக்கறதில்லீங்க. முட்டையத்தான் தரம் பிரிப்போம். உள்ள வர்றது எப்படி வருதோ அப்படியே நாலு வருசம் பத்திரமா வெச்சிருந்து, ஒடையாம வெளிய அனுப்பிருவோம்" என்றார். சத்யபிரியா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெட்கம் என்று ஜீவானந்தம் நினைத்துக்கொண்டார்.

பிளெக்ஸைப் பார்த்த மற்ற பெற்றோர் யோசிக்க ஆரம்பித்தார்கள். சின்னண்ணன் லேசுப்பட்ட ஆளா? உள்ளே ஏதோ விஷயம் இல்லாமல் மகளை அங்கே போடுவாரா? யார்டுக்கே வந்து ரகசியமாக விசாரித்தார்கள். அது தண்டக் கல்லூரி, போட்டுவிடாதீர்கள் என்று இவர் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார். சின்னண்ணன் ஒன்றைத் தண்டம் என்கிறார் என்றால் அர்த்தம் என்ன என்பது சுற்றுவட்டாரத்துக்கே தெரியும். அடுத்த சுற்றில் கோழிப்பண்ணைப் பிரிவுக்கு அடிதடி என்று கேள்வி.

கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்குப் புறப்பட்டவர், வழியில் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டே பிளெக்ஸை அண்ணாந்து பார்த்தார். அதோடு விசாரணை முடிந்தது. புள்ள நல்லாச் சிரிச்சுட்டுத்தானுங்களே நிக்குது, எப்படி அதிருப்தின்னு எழுதறது என்று சின்னண்ணனிடமே கேட்டார். போட்டோ பத்தாம் வகுப்பில் எடுத்தது என்று இவர் மன்றாடியதன் பேரில், 'மேற்படி மாணவி பொது இடத்தில் மகிழ்ச்சியாகவும் வீட்டில் மகிழ்ச்சியின்றியும் காணப்படுகிறார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மனுஷன் அந்த மட்டும் செய்தாரே.

கடைசி நாள் மதியம் அதை எடுத்துக்கொண்டு அப்பாவும் மகளும் மையத்துக்குப் போனார்கள். விண்ணப்பதாரர் நேரில் வர வேண்டும் என்பதால் சத்யபிரியா வந்தாள். பஸ்ஸில் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அப்பா பக்கம் திரும்பவே இல்லை.

விசாரணைக் குழு என்பது குமரகுருவும் இரண்டு காலி நாற்காலிகளும். இருக்கை நிரப்பப்படாவிட்டாலும் குழு கூடியதாகவே கணக்கு, கோரம் உண்டு என்று அவர் விளக்கினார். சான்றிதழைப் படித்துவிட்டு, "பாதி அதிருப்திதான் நிரூபணமாகியிருக்கிறது. மீதியைப் பெற்றோரின் வாக்குமூலத்திலிருந்து எடுத்துக்கொள்வோம். பட்டியலைத் தந்தவர் நீங்கள்தானே? நான் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், சொல்வது அப்படியே பதிவாகும், பிறகு மாற்ற முடியாது" என்றார். வெளியே அடுத்த டோக்கன்காரர்கள் பாதிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். அதில் நாமக்கல் லாரிப் புரோக்கர்கள் இரண்டு பேர் இருந்தார்கள், பிள்ளைகளோடு வந்தவர்கள்.

"கோயம்புத்தூர் அரசுக் கல்லூரி, மெக்கானிக்கல். அந்த இடம் உங்களுக்கு எந்த அளவுக்கு வேண்டும்?"

சின்னண்ணன் வாயைத் திறந்தார். முப்பது வருஷப் பழக்கம் முந்திக்கொண்டது.

"அப்படி ஒண்ணும் பெருசா இல்லீங்க."

குமரகுரு எழுத ஆரம்பித்தார். சத்யபிரியா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு கதவை நோக்கி நடந்தாள். அவள் முதுகைப் பார்த்ததும் சின்னண்ணன் எழுந்தார். மேஜை மேல் கையை வைத்து குமரகுருவின் பேனாவை அமுக்கிப் பிடித்துவிட்டார்.

"எழுதாதீங்க சார். அத அடிச்சுருங்க, பொய்யுங்க அது. எனக்கு வேணுமுங்க. என்ற புள்ளைக்கு அந்தச் சீட்டு வேணுமுங்க. யாரும் வேண்டாம்னு போட்ட வண்டிக்கு அடியில அவ படுத்து, மூஞ்சியெல்லாம் ஆயிலோட எந்திரிச்சு வந்து 'அப்பா, ஓடுது'ன்னு சொல்லுவா பாருங்க. அப்ப நான் அந்தப் பக்கம் திரும்பி நிப்பனுங்க, அவ பாத்துருவாளோன்னு. எந்த அளவுக்கு வேணும்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியலீங்க. நீங்க என்ன வெல சொன்னாலும் நான் கொறச்சுக் கேக்க மாட்டனுங்க."

கதவருகே புரோக்கர்கள் இருவரும் வாயைப் பிளந்து நின்றார்கள். இனிமேல் அந்த மனிதர் நாமக்கல்லில் ஒரு ஸ்டெப்னிகூடச் சகாயமாக வாங்க முடியாது என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. குமரகுரு பேனாவை விடுவித்துக்கொண்டு சட்டையைச் சரிசெய்தார். இது அதிருப்தி என்ற தலைப்பில் வருமா, விருப்பம் என்ற தலைப்பில் வருமா என்று அவருக்கே குழப்பம். விண்ணப்பதாரர் பக்கம் திரும்பி, தந்தை சொல்வது உண்மை என்று நீங்கள் உறுதி தருகிறீர்களா என்றார்.

சத்யபிரியா திரும்பி வந்து அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உண்மையான்னு தெரியாதுங்க சார். அவரு வேணும்னு ஒண்ணக் கேட்டு நான் பாத்ததே இல்ல. இப்பத்தான் மொத தடவையாக் கேக்கறாரு, குடுத்துருங்க."

உறுதிமொழிக்கான கட்டத்தில் தெரியாது என்று நிரப்ப வழியில்லாததால் குமரகுரு 'உண்மை' என்று நிரப்பினார். நடுப் பொத்தான்களில் அடுத்த சுற்றுக்குப் போகிறது உயிர் பெற்றது. வெண்ணிலாவிடம் புதுப் பட்டியலுக்காகப் போய் உட்கார்ந்தபோது சத்யபிரியா ஒரே ஒரு வரி போட்டு நிறுத்தினாள். மையத்தின் சராசரி விழுந்துவிடும், ஓர் ஐம்பதையாவது சேருங்கள் என்று குமரகுரு பின்னால் நின்று கெஞ்சினார். அவள் சேர்க்கவில்லை. 'உறுதியா?' என்று கம்ப்யூட்டர் மூன்று தடவை கேட்டது. அப்பா ஓடிபி சொன்னார். அடுத்த சுற்றில் கோயம்புத்தூர் மெக்கானிக்கல் வந்தது, யாரும் தொடாமல் அங்கேயேதான் கிடந்திருக்கிறது.

நிறைவு விழாவில் குமரகுரு புள்ளிவிவரம் வாசித்தார். "நமது மையத்தில் அதிருப்தி மனு தந்தவர் ஒருவர். அவருக்கு நிறைவேற்றப்பட்ட முதல் விருப்பங்கள் இரண்டு. ஆகவே அதிருப்தியாளர்களின் திருப்தி இருநூறு சதவீதம். இந்தச் சாதனையை முறியடிக்க வேண்டுமானால் அடுத்த ஆண்டு இன்னும் நிறையப் பேர் அதிருப்தியடைய வேண்டும், அதற்கு நாங்கள் எல்லா ஏற்பாடுகளையும் செய்வோம்" என்றார். பிறகு சாதனை மாணவியின் தந்தையை மேடைக்கு அழைத்து மைக்கைக் கையில் கொடுத்து, மகளுக்கு இந்த இடம் கிடைத்ததில் தங்களுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

சின்னண்ணன் 'பரவால்ல' என்று ஆரம்பித்தார். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மைக்கை வாய்க்குக் கிட்டத்தில் கொண்டுபோனார்.

"சந்தோசமுங்க" என்றார். "ரொம்பச் சந்தோசமுங்க."

குமரகுரு அதையும் பதிவு செய்துகொண்டார்.